காற்றுக் குழுவில் கருவாடு

"இன்னிக்கு ரசத்துல பெருங்காயம் போட்டேனா இல்லையான்னே தெரியல. வாசனையே எழும்பல" என்று கோமதி காற்றுக் குழுவில் எழுதினாள். விரலைத் திரையிலிருந்து எடுக்கவில்லை, அதற்குள் பதில் வந்துவிட்டது.

"வணக்கம். இது காற்றுக் குழு. தங்கள் செய்தி ரசத்தைப் பற்றியது. ஆகவே புழக்கடைக்கு அனுப்பப்பட்டது. பொருளோடு நிற்போம், நலமோடு வாழ்வோம்."

"போடா, நீயும் உன் பொருளும்" என்றாள் கோமதி. மைக் திறந்திருந்தது போலிருக்கிறது. அந்த வசவும் புழக்கடைக்கே போய்ச் சேர்ந்தது.

நிலாக்கரை என்பது நிலவின் தென்பக்கத்தில், என்றோ எரிமலைக் குழம்பு ஓடி வடிந்த நீண்ட குகை ஒன்றுக்குள் இருக்கும் ஊர். ஆயிரத்துச் சொச்சம் பேர். பாறைக்கடியில் உறைந்து கிடக்கும் பனிக்கட்டியை வெட்டி எடுப்பது தொழில். வெளியே காற்று என்று ஒன்று கிடையாது. உள்ளே இருக்கிற காற்றை மூச்சாலை என்கிற ஆலை தயாரித்து, குழாய் வழியாக வீடு வீடாக அனுப்பி, திரும்ப இழுத்து, கழுவி, மறுபடி அனுப்புகிறது. பூமியில் குடிதண்ணீருக்குக் குழாய் போட்ட மாதிரி இங்கே மூச்சுக்குக் குழாய். அதனால் பிறந்த குழந்தை முதற்கொண்டு ஊரில் எல்லோரும் காற்றுக் குழுவில் உறுப்பினர். மூச்சு விடுகிற அத்தனை பேரையும் ஒரே குழுவில் சேர்த்தால் என்ன நடக்கும்? கேட்கவே வேண்டாம்.

முன்பெல்லாம் விடிந்ததும் செம்பருத்திப் பூவோடு ஒரு காலை வணக்கம். அதற்குப் பதில் கும்பிடுகள், அந்தக் கும்பிடுகளுக்குப் பதில் கும்பிடுகள். காதுகுத்து அழைப்பு. காணாமல் போன குக்கர் மூடி. பூமியில் யாரோ யாருக்கோ அனுப்பிய வைத்தியக் குறிப்பு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்று சும்மாவா சொன்னார்கள்! இத்தனைக்கும் நடுவே தினம் தவறாமல் நடந்தது கருவாட்டுச் சண்டை.

அந்தச் சண்டையின் கதை இது. ஐந்தாம் தொகுதியில் செலின் என்று ஒருத்தி. ஊர் மீன்தொட்டியில் வளர்கிற ஜிலேபிக் கெண்டையை உப்புப் போட்டு, பயிர் விளக்குக்கு அடியில் காயவைத்து, நிலாவின் முதல் கருவாட்டை உண்டாக்கியவள். சாமர்த்தியசாலி, சும்மா சொல்லக் கூடாது. ஆனால் அவளுக்கு அடுத்த வீடு கோமதி. கோமதி பிறவிச் சைவம். வரிசை வீடுகளுக்கெல்லாம் காற்றை இழுக்கிற குழாய் ஒன்றுதான் என்பதால், செலின் வீட்டில் சட்டி காய்ந்தால் கோமதி வீட்டில் மூக்கு எரியும். மூச்சாலை தூசியை வடிகட்டும், கரியமில வாயுவை உறிஞ்சும். கருவாட்டிடம் அதன் ஜம்பம் பலிக்கவில்லை.

"காத்து என்ன உங்க வீட்டுச் சொத்தா?" என்று கோமதி குழுவில் கேட்பாள். "மூக்கு என்ன எங்க வீட்டுச் சொத்தா?" என்று செலின் திருப்பிக் கேட்பாள். ஊர் இரண்டாகப் பிரிந்து வேடிக்கை பார்க்கும். வேடிக்கை பார்ப்பதோடு நின்றாலாவது பரவாயில்லை, ஆளுக்கொரு வரி எழுதிவிட்டுத்தான் படுக்கப் போகும்.

அப்படி ஒரு சண்டை உச்சத்தில் இருந்தபோது, ஏழாம் தொகுதியிலிருந்து ஒருவர் "கதவோரம் உஸ்ஸுன்னு சத்தம் வருது" என்று எழுதினார். அந்த ஒற்றை வரி கருவாட்டுக் குவியலுக்கு அடியில் போய்விட்டது. காற்று அலுவலரும் குழுவின் நடத்துநருமான குயிலி அதைப் பார்த்தபோது, ஏழாம் தொகுதிக் கதவின் இடுக்கு வழியாகக் காற்று பாதிநாளாகக் கசிந்து வெளியே போயிருந்தது. நல்லகாலம், உயிர்ச்சேதம் இல்லை.  குயிலி அன்றைக்கே உட்கார்ந்து பேச்சொழுங்கியைச் செய்தாள்.

பேச்சொழுங்கி ஒரு நிரல்தான். ஒவ்வொரு குழுவுக்கும் பொருள் என்ன என்று சொல்லிவிட்டால் போதும். வருகிற செய்தியை அந்தப் பொருளோடு ஒட்டிப் பார்த்து, ஒட்டாததைப் புழக்கடை என்கிற தனி அறைக்குத் தள்ளிவிடும். எதையும் அழிக்காது, யாரையும் திட்டாது. எது பொருள், எது விலகல் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க மாதிரிச் செய்திகள் வேண்டுமே? விலகலுக்கு முதல் மாதிரியாகக் குயிலி எடுத்துக் கொடுத்தது செலினின் ஒரு செய்தியை: "இன்னிக்குக் கெண்டைக் கருவாடு, வேணுங்கிறவங்க தட்டோட வாங்க."

இதில் ஒரு சங்கடம். செலின் வேறு யாருமில்லை, குயிலியின் அண்ணன் பாரியின் மனைவி. அண்ணி என்பதால் சலுகை காட்டினாள் என்று நாளைக்கு எவரும் நாக்கு மேல் பல்லுப் போட்டுப் பேசிவிடக் கூடாது என்று குயிலி நினைத்தாள். அண்ணி வேறு விதமாக நினைத்தாள். "ஊர்ல எத்தனையோ பேர் பேசினாங்க. உதாரணம் காட்ட உனக்கு என் கருவாடுதான் கிடைச்சுதா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதோடு பேச்சு அறுந்தது. பிறகு செலினுக்கு அமலி பிறந்தபோது, பேர் வைக்கிற அன்றைக்கு அத்தை முறைக்கு வந்து மோதிரம் போட்டுவிட்டு, காபிகூடக் குடிக்காமல் திரும்பியவள்தான் குயிலி. அந்த வீட்டுப் பக்கம் தலைகாட்டியே மாதக் கணக்காகிவிட்டது.

காற்றுக் குழுவோ கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. நாளுக்கு நாலைந்து செய்தி, அத்தனையும் காற்றைப் பற்றி. ஊர் நிர்வாகி வைத்தியலிங்கத்துக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. எதைப் பார்த்தாலும் திட்டமாக்கிவிடுகிற மனிதர் அவர். தண்ணீர்க் குழு, பள்ளிக்கூடக் குழு, பஜனைக் குழு என்று எல்லாவற்றிலும் பேச்சொழுங்கியை உட்காரவைத்தார். பிறகு குடும்பக் குழுக்களிலும், பொருள் மளிகை என்று பதிந்து. சுரங்கத்தில் ஒருவன் வாரக் கணக்கில் நீளும் பணிக்குப் போன இடத்திலிருந்து மனைவிக்கு "நீ இல்லாம நாளே நகர மாட்டேங்குது" என்று எழுத, "இது மளிகைக் குழு. தாங்கள் குறிப்பிட்ட சரக்கு எதுவென்று விளங்கவில்லை" என்று பதில் வந்ததாம். அவன் பயந்துபோய் "ரெண்டு கிலோ துவரம்பருப்பு" என்று எழுதினானாம். ஊர் சிரித்தது. சிரித்ததை எழுத இடமில்லாமல் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டது.

கோமதியின் ரசம் மணக்காமல் போன அந்த வாரத்தில் செலினும் ஒரு செய்தி எழுதினாள். அவளாக இறங்கிவந்து குயிலிக்கு நேராகவே எழுதினாள். "தலைவலி விடல குயிலி. பிள்ளை பால்கூடச் சரியாக் குடிக்காம தூங்கிட்டே இருக்கு. நீ ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்."

காற்று அலுவலருக்கு வருகிற செய்திகள் பேச்சொழுங்கியைத் தாண்டித்தான் வர வேண்டும். தலைவலி என்பதால் அது மருத்துவக் குழுவுக்குப் போனது. குழந்தை தூங்குவது நோயன்று என்று மருத்துவக் குழு அதைக் குழந்தை வளர்ப்புக் குழுவுக்குத் தள்ளியது. நாத்தனார் வந்துபோவது குழந்தை வளர்ப்பில் சேராது என்று அங்கிருந்து குடும்பக் குழுவுக்கு. பாரியின் குடும்பக் குழுவுக்குப் பொருள் என்று பதிவாகியிருந்தது மளிகை. கடைசியில் எல்லா நதியும் சேருகிற இடத்துக்கு அதுவும் சேர்ந்தது, புழக்கடைக்கு. நாத்தனார் பதில்கூடப் போடவில்லையே என்று செலின் ஒரு பாட்டம் அழுதுவிட்டுப் படுத்துக்கொண்டாள். தூக்கம் என்னவோ உடனே வந்துவிட்டது.

குயிலி அந்த நேரத்தில் பொதுச் சமையலறையில், கீரைக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். முன்னால் நின்றவள் கோமதி. திரும்பிப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"ஏம்மா குயிலி, உனக்குக் கோடிப் புண்ணியம். எப்படியோ உங்க அண்ணியைத் திருத்திட்டே."

"நான் என்ன திருத்தினேன்?"

"கருவாட்டு வாடையே இல்லம்மா இப்பல்லாம். வீடு கோயில் மாதிரி இருக்கு. என்ன, எனக்குத்தான் உடம்பு ஒரு மாதிரி அசத்துது. உக்காந்தா தூக்கம், எந்திரிச்சா தலைவலி. வயசாகுதில்ல."

குயிலிக்குக் கொஞ்சம் பெருமையாகவும் அதைவிட அதிகமாக வருத்தமாகவும் இருந்தது. அண்ணி கருவாட்டையே விட்டுவிட்டாளா? அவ்வளவு மனசு நொந்துபோனாளா? கீரையை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் சுரங்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த அண்ணன் எதிர்ப்பட்டான்.

"அண்ணி கருவாடு வறுக்கிறதே இல்லையாமே?" என்று கேட்டாள்.

"யார் சொன்னது? நேத்துகூட வறுத்தாளே. சட்டி நிறைய."

"நேத்தா?"

"முந்தாநாளும்தான். என்ன, வாசனையெல்லாம் வீட்டுக்குள்ளயே நிக்குது. அவளுக்கு அது பழகின மூக்கு, தெரியல. எனக்கே நேத்து உள்ள நுழையறப்போ..."

பாரி சொல்லி முடிக்கவில்லை. தங்கையின் முகம் போன போக்கைப் பார்த்து நிறுத்திவிட்டான்.

பூமியில் நாம் விடுகிற மூச்சு சூடாக இருப்பதால் தானாகவே மேலே போய்விடும், புதுக்காற்று அந்த இடத்துக்கு வரும். நிலாவில் எடை ஆறில் ஒரு பங்குதான். மூச்சும் சோம்பேறி, அவ்வளவு லேசில் விட்ட இடத்தைவிட்டு நகராது. குழாய் இழுத்தால்தான் நகரும். இழுக்காவிட்டால் தூங்குகிறவன் முகத்தைச் சுற்றியே கரியமில வாயு கூடிக்கொண்டு நிற்கும், சுவாசிக்கிறவனுக்கே தெரியாமல். செலின் வறுத்த கருவாட்டின் வாசனை ஒரு சுவரைத் தாண்டிப் போகவில்லை என்றால், குழாய் இழுக்கவில்லை என்று அர்த்தம். குயிலி மணிக்கட்டுத் திரையைத் தட்டினாள். ஐந்தாம் தொகுதி முழுக்கப் பச்சை. பச்சையாகத்தானே இருக்கும்! மீட்டர்கள் நடைபாதையில் இருந்தன, ஜனங்கள் வீட்டுக்குள் இருந்தார்கள்.

"ஐந்தாம் தொகுதியில் கருவாட்டு வாசனை பரவவில்லை. எல்லோரும் உடனே நடைபாதைக்கு வாருங்கள்" என்று காற்றுக் குழுவில் எழுதினாள்.

"வணக்கம். இது காற்றுக் குழு. தங்கள் செய்தி கருவாட்டைப் பற்றியது. ஆகவே புழக்கடைக்கு..."

"அடப்பாவி" என்று அவள் கருவாட்டை எடுத்துவிட்டு மறுபடி எழுதினாள். "மீட்டர் அளவுகள் சரியாக உள்ளன. ஆதாரத்தைக் குறிப்பிடவும்" என்றது அவள் பெற்ற பிள்ளையான பேச்சொழுங்கி. குயிலி கீரைக்கட்டை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். பாரி எதுவும் கேட்காமல் பின்னால் ஓடினான். நிலாவில் ஓடுவதென்றால் தாவித் தாவித்தான் போக வேண்டும், அவசரப்பட்டால் தலை கூரையில் இடிக்கும். அவளுக்கு இரண்டு தடவை இடித்தது.

தாவுகிற தாவலிலேயே புழக்கடையைத் திறந்தாள். அதைத் திறப்பது அதுவே முதல் தடவை. குப்பை என்று தானே பேர்வைத்த இடத்தை யார் போய்க் கிளறுவார்கள்? ஐந்தாம் தொகுதி என்று தேடினாள். வந்து கொட்டியது.

"துவைச்ச சேலை இன்னும் காயல, என்ன சோதனையோ." "இன்னிக்கு ரசத்துல பெருங்காயம் போட்டேனா இல்லையான்னே தெரியல." "எங்க வீட்டுல மூணு பேரும் மாத்தி மாத்திக் கொட்டாவி, சினிமா பாக்கற மாதிரி இருக்கு." "கூட்டல் கணக்குக்கூடத் தப்பாப் போடுறான், நாலு வச்சேன் முதுகுல. பாவமா இருக்கு." "கோமதியக்கா, ஒரு வாரமா நீங்க திட்டவே இல்லையே, உடம்புக்கு என்ன?" அது அண்ணி எழுதியது. அதற்கும் கீழே இன்னொன்று, குழு குழுவாக உருட்டப்பட்ட முத்திரைகளோடு. "நீ ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்."

ஐந்தாம் தொகுதியே மூச்சுமுட்டி மூச்சுமுட்டி எழுதியிருந்தது. ஒரு வரியில்கூடக் காற்று என்கிற வார்த்தை இல்லை.

செலின் கதவைத் திறந்தபோது கண் பாதி சொருகியிருந்தது. "வந்துட்டியா?" என்றாள், கோபப்படக்கூடத் தெம்பில்லாத குரலில். உள்ளே கருவாட்டு நெடி ஆளைத் தள்ளியது. தொட்டிலில் அமலி அசையாமல் கிடந்தது. குயிலி பிள்ளையை வாரி எடுத்துப் பாரியிடம் கொடுத்து, "வெளிய, நடைபாதைக்கு, ஓடு" என்றாள். அண்ணியின் கையைப் பிடித்து இழுத்து வாசலுக்கு அப்பால் நிறுத்தினாள். பிறகு தொட்டிலுக்கு அருகிலிருந்த பவுடர் டப்பாவை எடுத்து, சுவரில் காற்றை இழுக்கும் சல்லடைக்கு முன்னால் தட்டினாள். வெள்ளைத் தூள் அந்தச் சல்லடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், தட்டிய இடத்திலிருந்து மெதுவாக, நேராகத் தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான், சந்தேகம் தீர்ந்தது. ஒவ்வொரு கதவாகத் தட்டினார்கள். கோமதி கீரையோடு வந்துகொண்டிருந்தவள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, குயிலியைவிடப் பலமாகத் தட்டினாள். அவள் குரலுக்கு யாரும் தூங்க முடியாது. ஐந்தாம் தொகுதி முழுக்க நடைபாதையில் வந்து, தூக்கக் கலக்கத்தோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தது.

அமலி இன்னும் அழவில்லை. பாரி முதுகைத் தேய்த்தான். செலின் பாதத்தைத் தட்டினாள், பேர் சொல்லிக் கூப்பிட்டாள், மாதாவைக் கூப்பிட்டாள். குயிலிக்கு உயிரே நின்றுபோயிருந்தது. கொஞ்ச நேரத்துக்குப் பின் அந்தச் சின்ன முகம் சுருங்கிச் சிவந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி ஓர் அழுகை கிளம்பியது பாருங்கள்! அதைவிட நல்ல சத்தத்தை அந்தக் குகை கேட்டதில்லை. "அழு கண்ணு, நல்லா அழு" என்று கோமதியும் சேர்ந்து அழுதாள். செலின் நாத்தனாரின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். இருவரும் எதுவும் பேசவில்லை. பேசினால் எந்தக் குழுவில் சேர்ப்பது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

குழாய்க்குள் இருந்த காற்றுக்கதவு ஒன்று நிலாத்தூசி அப்பி, மூடியபடியே இறுகிப்போயிருந்தது. அதைச் சரிசெய்ய ஆன நேரம் ஒரு காபி குடிக்கிற நேரம்கூட இல்லை.

ஊர்க் கூட்டத்தில் வைத்தியலிங்கம் எழுந்து நின்று, "நம்மிடம் இருக்கிற மீட்டர் அத்தனையும் தோற்ற இடத்தில் புழக்கடை ஜெயித்திருக்கிறது. அதுதான் இந்த ஊரின் மூக்கு. இனிமேல் அதை முறைப்படுத்துவோம்" என்றார். குயிலி முதல் ஆளாகக் கை தூக்கினாள். அவள் கண்ணுக்குள் தொட்டில்தான் நின்றது. புழக்கடைச் செய்திகளை மூச்சாலை இனிமேல் தினமும் படிக்கும், அதற்காகக் குடும்பத்துக்கு ஒருவராவது நாள்தோறும் கட்டாயம் வெட்டிப்பேச்சு பேச வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. விதியை எழுதிக் கொடுத்ததும் குயிலிதான்.

ஆள் வருகிறது என்று தெரிந்தால் வீட்டைப் பெருக்கிக் கோலம் போடுவது நம் பிறவிக்குணம். புழக்கடையை அலுவலகம் படிக்கிறது என்று தெரிந்த மறுநாளே ஊர் அதையும் பெருக்கிவிட்டது. "எங்கள் இல்லத்தில் ரசத்தின் மணம் திருப்திகரமாக உள்ளது." "கொட்டாவி இயல்பான அளவில் உள்ளது." "துணிகள் உரிய நேரத்தில் காய்கின்றன என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்." பேச்சொழுங்கி இவற்றைப் படித்துப் பார்த்தது. எல்லாம் காற்றைப் பற்றியவை. சுத்தமான பொருள். ஆகவே அத்தனையையும் வணக்கம் சொல்லிக் காற்றுக் குழுவுக்கே அனுப்பியது. காற்றுக் குழு மறுபடி நிரம்பி வழிந்தது.

வைத்தியலிங்கம் சும்மா இருப்பாரா? புழக்கடையில் காற்றைப் பற்றி, மூச்சைப் பற்றி, வாசனையைப் பற்றிப் பேசக் கூடாது என்று இன்னொரு விதி வந்தது. "இது புழக்கடை. தங்கள் செய்தி பயனுள்ளதாக இருக்கிறது. தயவுசெய்து பொருளற்றுப் பேசவும்" என்று பேச்சொழுங்கி மன்றாட ஆரம்பித்தது. ஜனங்கள் யோசித்து யோசித்துப் பார்த்தார்கள். கட்டாயப்படுத்தினால் வெட்டிப்பேச்சு எங்கிருந்து வரும்? "இன்று வெட்டிப்பேச்சு எதுவும் இல்லை. நன்றி" என்று எழுதிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

கோமதிகூடத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். "அந்த வாடைதானேம்மா பிள்ளையைக் காப்பாத்திச்சு. நான் எந்த வாயால இனிமே குறை சொல்ல?" என்றாள். நன்றி மிகுந்தவள், என்ன செய்வது! ஊரின் மிகச் சிறந்த மூக்கு அந்த நன்றியில் அடைத்துக்கொண்டது.

குயிலிக்குத் தூக்கம் போயிற்று. திரை பச்சையாக இருந்தது, புழக்கடை மௌனமாக இருந்தது. அந்த மௌனம் நல்ல காற்றா கெட்ட காற்றா என்று சொல்ல ஆளில்லை. அதனால் தினமும் சாயங்காலம், அண்ணி அடுப்பு மூட்டுகிற நேரமாகப் பார்த்து, ஐந்தாம் தொகுதிக்குப் போகத் தொடங்கினாள்.

அண்ணிக்கு முதலில் பூரிப்பு தாங்கவில்லை. நாத்தனாருக்கென்று நடுத்துண்டாகப் பார்த்து எடுத்துவைப்பாள். "உங்க அத்தைக்கு நீன்னா உசுரு, ஒருநாள் வராம இருக்கமாட்டா" என்று பிள்ளையிடம் சொல்வாள். வாசற்படியிலேயே நின்று குயிலி ஒரு தடவை மூக்கை உறிஞ்சுவதை அவள் கொஞ்ச நாள் கவனிக்கவில்லை. கோமதி வீட்டுக் கதவைத் தட்டி, "வாசனை வருதா?" என்று கேட்டுவிட்டுத்தான் இந்த வீட்டுக்குள் வருகிறாள் என்பதும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது.

ஒருநாள் சாயங்காலம் குயிலி வந்தாள். வாசலில் நின்று உறிஞ்சினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி உறிஞ்சினாள். ஒன்றுமே இல்லை. முகம் வெளுத்துவிட்டது. வேகமாக உள்ளே நுழைந்து, அலமாரியிலிருந்த பவுடர் டப்பாவை எடுத்து, சல்லடைக்கு முன்னால் தட்டினாள். தூள் சட்டென்று திரும்பி, நூல் பிடித்த மாதிரி சல்லடைக்குள் ஓடி மறைந்தது. அப்பாடா என்று மூச்சை விட்டுவிட்டு, மணிக்கட்டுத் திரையில் சோதித்தாயிற்று என்று தட்டினாள். டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

அப்போதுதான் செலினைப் பார்த்தாள். சமையல் மேடையில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அடுப்பு அணைந்திருந்தது.

"பயந்தே போயிட்டேன் அண்ணி. இன்னிக்கு வறுக்கலையா நீங்க?"

"இல்ல."

"ஏன், மீன் தீந்துபோச்சா?"

"சட்டி நிறைய இருக்கு. வேணும்னேதான் வறுக்கல." செலினின் குரலில் கோபம் இல்லை. "வாசனை வராட்டி நீ உள்ள நுழைஞ்சதும் எந்தப் பக்கம் போறேன்னு பாக்கணும்னு தோணிச்சு. பாத்துட்டேன்."

குயிலி அப்போதுதான் திரும்பினாள். தரைவிரிப்பில், அவள் கதவைத் தாண்டியதிலிருந்து, அமலி இரண்டு கையையும் தூக்கி நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குயிலி அதைத் தாண்டித்தான் அலமாரிக்குப் போயிருந்தாள். உட்காரப் பழகிவிட்டதா? எப்போதிருந்து? அவளுக்குத் தெரியவில்லை.

"அண்ணி, நான் வந்து..." என்று ஆரம்பித்தாள்.  குனிந்து பிள்ளையைத் தூக்கினாள்.

மணிக்கட்டுத் திரை இனிமையாக ஒலித்தது. "ஐந்தாம் தொகுதி, காற்று சீர். வருகையின் நோக்கம் நிறைவேறியது. அடுத்த தொகுதிக்குச் செல்லவும்."

"போம்மா, போ" என்றாள் செலின், கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டே. "அதுதான் சொல்லுதுல்ல."